ஸ்பீட்ஸ்டர் ஹாட் ராட் வாங்கப் போகிறீர்களா? வண்டியை அடியிலிருந்து சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்களை அமெரிக்காவில் ஹாட் ராட் என்பார்கள். அங்கே விற்பனைக்கு வரும் அத்தகைய கார்களில் ஸ்பீட்ஸ்டர் ஒரு தனி இனம். கதவு கிடையாது, கூரை கிடையாது, பல வண்டிகளில் மட்கார்டுகூடக் கிடையாது. நீண்ட பானட், ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே வட்டமான ஒற்றைக் கண்ணாடி, தாழ்வான இரண்டு இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் உருளை வடிவப் பெட்ரோல் டேங்க், அதற்கும் பின்னால் தோல்வாரால் இறுக்கிக் கட்டிய உதிரிச் சக்கரம். இவ்வளவுதான் வண்டி. பழைய கார்களை விரும்பும் எவருக்கும் இதன் படத்தைப் பார்த்ததுமே கை பணப்பைக்குப் போய்விடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் ஒரு மாடல் ஏ ஃபோர்டை வாங்குகிறீர்கள் என்றால், எந்த போல்ட் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்பீட்ஸ்டருக்கு அப்படி எதுவும் இல்லை. எஞ்சினும் சேசிஸும் ஃபோர்டுடையவை. மற்றவையெல்லாம் யாரோ ஒருவர் தம் கொட்டகையில் யோசித்து, வெட்டி, வெல்டிங் செய்து சேர்த்தவை. நீங்கள் பணம் கொடுப்பது ஃபோர்டு என்ற பெயருக்கு அல்ல, கட்டியவரின் கைக்கு. அந்தக் கை எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்கும் வரிசைதான் இந்த வழிகாட்டி. முதலில் காகிதம், பிறகு சேசிஸ், பிரேக், ஸ்டியரிங், எஞ்சின். பெயின்ட்டைக் கடைசியில் பார்த்தால் போதும்.

விளம்பரத்தில் இருப்பது எந்த வகை?

1910களில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் உருவான மெர்சர் ரேஸ்அபவுட், இண்டியானாபொலிஸில் உருவான ஸ்டட்ஸ் பேர்கேட் ஆகிய இரண்டும்தான் ஸ்பீட்ஸ்டர் என்ற வடிவத்தை மக்கள் மனத்தில் பதித்தன. மெர்சரின் விலை 2,000 டாலருக்கு மேல். அதே வடிவத்தின்மீது ஆசைப்பட்ட விவசாயி மகனிடமும் மெக்கானிக்கிடமும் இருந்தது மாடல் டி ஃபோர்டு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்ததால் பழைய டி ஒன்று எந்த ஊரிலும் மலிவாகக் கிடைத்தது. அதன் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, தகரத்தை வளைத்து இரண்டு இருக்கை போட்டால் ஏழையின் மெர்சர் தயார். கென்டக்கி மாநிலத்தின் ஏம்ஸ், மெர்க்குரி போன்ற நிறுவனங்கள் டி சேசிஸில் அப்படியே பொருத்தக்கூடிய ஸ்பீட்ஸ்டர் உடல்களை விற்றன. ராஜோ, ஃப்ரான்டினாக் போன்றவை எஞ்சினின் மூச்சைக் கூட்டும் சிலிண்டர் ஹெட்களைத் தந்தன. ஃப்ரான்டினாக்கின் பின்னால் இருந்தவர்கள் ஷெவர்லே சகோதரர்கள். அவர்களுடைய ஹெட் பொருத்திய டி ஒன்றை ஓட்டி, 1923ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் எல். எல். கோரம் ஐந்தாவதாக வந்தார். மளிகைக்கடைக்குப் போகும் வண்டியின் எஞ்சின் அது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தது. 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன், மூன்று கியர், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக். இதற்கிடையே தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் ஃபோர்டுகளை உரித்து, நேர்கோட்டில் எவ்வளவு வேகம் போகும் என்று அளக்கத் தொடங்கினார்கள். 1937இல் அங்கே எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற அமைப்பு உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் சேர்ந்ததும் அந்தப் பழக்கம் ஹாட் ராட் என்ற பெயரில் நாடு முழுவதும் பரவியது. 1949 முதல் யூட்டாவின் பான்வில் உப்புச் சமவெளியில் வேக வாரமும் நடக்கத் தொடங்கியது. இன்றைய விளம்பரத்தில் ‘கைவினை விண்டேஜ் ஸ்பீட்ஸ்டர்’ என்று வருவது, 1910களின் அந்த வடிவமும் கலிஃபோர்னியாவின் இந்த வேகப் பித்தும் ஒன்றுசேர்ந்த வண்டி.

நடைமுறையில் மூன்று வகை பார்ப்பீர்கள். மாடல் டி அடிப்படையிலானது. மாடல் ஏ சேசிஸில் நான்கு சிலிண்டர் ஏ எஞ்சினோ அதற்கு அடுத்து வந்த மாடல் பி எஞ்சினோ கொண்டது. ஏ சேசிஸில் 1932இல் அறிமுகமான ஃப்ளாட்ஹெட் வி8 (ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின்) அல்லது அதற்கும் பிந்தைய எஞ்சினை ஏற்றியது. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல்களும் இதே தேடலில் வந்து நிற்கும். அவை முற்றிலும் வேறு வண்டிகள், இங்கே நான் அவற்றைத் தொடவில்லை.

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது இரண்டாவது வகையைத்தான். மாடல் ஏ 48 லட்சத்துக்கு மேல் தயாரானது. ஏறக்குறைய எல்லா உதிரிபாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஓட்டும் முறையும் இன்றைய கியர் வண்டியைப் போன்றது. எஞ்சின் சிறியது என்பதால், கட்டியவர் தவறு செய்திருந்தாலும் அது உங்களை நூறு மைல் வேகத்தில் வந்து தாக்காது.

படி 1: காகிதம்

படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் விற்பவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அதில் உள்ள எண் வண்டியில் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது?

பத்திரத்தில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார், நான் என் பெயருக்கு மாற்றவில்லை’ என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். இடையில் ஒரு கை மறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த இடைவெளியை மோட்டார் வாகன அலுவலகத்தில் நிரப்ப வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

எண் விஷயம் இன்னும் நுட்பமானது. இன்றைய 17 இலக்க அடையாள எண் 1981இல்தான் வந்தது. மாடல் ஏ வண்டிக்கு எஞ்சின் எண்ணே அடையாளம். எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கத்தில், ‘ஏ’ என்ற எழுத்தும் இருபுறமும் நட்சத்திரக் குறியும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். அதே எண்ணைச் சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேல்பரப்பிலும் பொறித்தார்கள். முழு வண்டியில் உடலைத் தூக்கினால்தான் அது தெரியும். ஸ்பீட்ஸ்டரைக் கட்டியவர் உடலை எப்படியும் கழற்றியிருப்பார். ஆகவே அந்த எண்ணின் படத்தை அவர் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. தொண்ணூறு ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருக்கலாம், அது இயல்பு. பத்திரத்தில் உள்ள எண் எஞ்சினிலும் இல்லை, சேசிஸிலும் இல்லை என்றால்தான் சிக்கல்.

இதை ஏதோ எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 1959ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை இண்டியானாவிலிருந்து நல்ல விலை கொடுத்து நேர்மையாக வாங்கினார். வண்டியைப் புதுப்பித்தபோது அடையாளத் தகட்டைக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். அந்த ஒரே காரணத்துக்காக 2017இல் மாநிலக் காவல்துறை அதைப் பறிமுதல் செய்தது. அன்றைய சட்டப்படி அந்த வண்டியை நசுக்கி அழித்திருக்கவும் முடியும். சட்டம் திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்திரத்தில் வண்டி எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில மாநிலங்களில் ‘1929 ஃபோர்டு’ என்றே இருக்கும். சிலவற்றில் ‘தனியாகக் கட்டப்பட்ட வாகனம்’ என்று இருக்கும். கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 100 என்ற சட்டத்தின்கீழ், புகைச் சோதனையில் சலுகையோடு ஆண்டுக்கு 500 வண்டிகளை மட்டுமே இந்த வகையில் பதிவு செய்யலாம். ஜனவரி முதல் வேலைநாளில் வரிசை கட்டி நிற்கிறார்கள். மட்கார்டு இல்லாத வண்டியைச் சில மாநிலங்கள் ஏற்கும், சில ஏற்காது. விற்பவரின் மாநிலத்தில் ஓடுகிறது என்பது உங்கள் மாநிலத்தில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உங்கள் ஊர் அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

படி 2: கட்டியவரை விசாரியுங்கள்

கட்டியவரே விற்கிறார் என்றால் அது பெரிய வரம். கட்டும்போது எடுத்த படங்களைக் கேளுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு சேசிஸ் எப்படி இருந்தது, வெல்டிங் எங்கெங்கே, எஞ்சினைத் திறந்தபோது என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் படங்கள் சொல்லும். அக்கறையுடன் கட்டியவர் கேட்பதற்கு முன்பே ஆல்பத்தை நீட்டுவார். ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் கதை சொல்வார். பொறுமையாகக் கேளுங்கள், அந்தக் கதைகள் வண்டியின் மதிப்பில் ஒரு பகுதி.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண் போல்ட் தலைகளுக்குப் போகட்டும். அமெரிக்க அளவு போல்ட்களில் தலைமீது மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. எந்தக் கோடும் இல்லை என்றால் அது கடையில் வாங்கிய சாதாரண மென்மையான போல்ட். அது மரப்பலகைக்குப் போதும், ஸ்டியரிங் கைக்குப் போதாது. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் சஸ்பென்ஷனில் இருந்தால் அதையும் சந்தேகத்துடன் பாருங்கள். அழகுக்காக வலிமையைக் கைவிட்டிருக்கலாம். ஸ்டியரிங், பிரேக், ஸ்பிரிங் சார்ந்த முக்கிய நட்கள் பள்ளம் வெட்டிய வகையாக இருந்து, ஊடே ஸ்ப்ளிட் பின் போட்டு இருபுறமும் மடக்கியிருக்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்: ஸ்ப்ளிட் பின்னை முறையாக மடக்கியவர் மற்ற வேலைகளையும் முறையாகச் செய்திருப்பார்.

படி 3: சேசிஸின் அடியில்

பழைய உடுப்பு, ஒரு டார்ச், அளவு நாடா, சிறிய கண்ணாடி, உறுதியான ஜாக்கி ஸ்டாண்டுகள். இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

மாடல் ஏ சேசிஸ் ரிவெட் அடித்துக் கட்டியது. எஞ்சின் தாங்கிகள் பொருந்தும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். ரிவெட்டுகளைச் சுற்றித் துருத்தூள் கசிந்திருந்தால் அவை தளர்ந்துவிட்டன. முன் குறுக்குச் சட்டம் காலப்போக்கில் தொய்வது இந்த வண்டிக்கே உரிய நோய். ரேடியேட்டருக்கு அடியில் எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடியை நுழைக்கும் துளைக்கும் கிராங்கின் மூக்குக்கும் நேர் பொருந்துகிறதா என்று பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும். பிறகு சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடியுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, அல்லது வெல்டிங் செய்தபோது வளைந்திருக்கிறது.

ஸ்பீட்ஸ்டரைத் தாழ்வாக்குவதற்காகப் பலர் சேசிஸின் பின்பகுதியை வெட்டி, ஒரு படி மேலே தூக்கி ஒட்டியிருப்பார்கள். முறையாகச் செய்தால் இது நல்ல வேலைதான். வெட்டிய இடத்தின் உள்பக்கம் வலுவூட்டும் தகடு இருக்க வேண்டும். வெல்டிங் கோடு சீரான அலை போல ஓட வேண்டும். உருண்டை உருண்டையாக மேலே மட்டும் உட்கார்ந்திருக்கும் வெல்டிங் உலோகத்துக்குள் இறங்கவே இல்லை. அரைத்துப் பட்டி பூசி மறைத்த வெல்டிங்கைவிட அவலட்சணமாகத் தெரியும் வெல்டிங்கே மேல். குறைந்தபட்சம் அதைச் சோதிக்க முடியும்.

முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் வி வடிவத் தண்டை விஷ்போன் என்பார்கள். அதை நடுவில் பிளந்து இரண்டு முனைகளையும் பக்கச் சட்டங்களில் கட்டுவது ஹாட் ராட்காரர்களின் பழைய வழக்கம். ஃபோர்டின் ஐ-பீம் ஆக்சில் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும் என்பதால் இது தாங்கும். குழாய் ஆக்சிலோடு இதைச் செய்திருந்தால் முறுக்கு முழுவதும் இணைப்புகளின்மீது விழும். அங்கே விரிசல் தேடுங்கள்.

படி 4: பிரேக்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வேகம் கூட்டக் காசு செலவழித்தவர்கள், நிறுத்த அதே அளவு செலவழிப்பது அபூர்வம்.

மாடல் டி வண்டியின் பிரேக் மிதி சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பிடி டிரைவ் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்குப் போய்த்தான் சக்கரம் நிற்கும். நடுவில் எது முறிந்தாலும் பிரேக் போய்விடும். பின் ஆக்சிலுக்குள் ஃபோர்டு போட்ட பாபிட் உலோக வளையங்கள் வயதாகி நொறுங்கும். அப்போது கியர் பற்கள் விலகி, ஓட்டமும் நிற்காது, பிரேக்கும் பிடிக்காது. ‘வளையங்களை வெண்கலத்துக்கு மாற்றியாயிற்றா?’ என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், ஆக்சிலைப் பிரித்துப் பார்க்கும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். அதேபோல, துணைக் கியர்பாக்ஸ் சேர்த்த டி வண்டியில் அது நியூட்ரலில் சிக்கினால் மிதி பிரேக் வெறும் அலங்காரம். வேகம் கூட்டிய டி ஸ்பீட்ஸ்டரில், பின் சக்கர டிரம்களை வெளியிலிருந்து பிடிக்கும் ராக்கி மவுன்டன் வகைக் கூடுதல் பிரேக் இல்லாவிட்டால் நான் அதைச் சாலைக்கு எடுத்துச் செல்லமாட்டேன்.

மாடல் ஏ வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் தண்டுகளால் இயங்கும் பிரேக். மெக்கானிக்கல் என்றதும் பயப்பட வேண்டாம். தேய்மானமில்லாத இணைப்புகள், வட்டம் கெடாத டிரம்கள், சரியான சரிக்கட்டு இம்மூன்றும் அமைந்தால், உடல் கழற்றிய இலகுவான வண்டியில் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடிக்கும். பழைய தகடு டிரம்களுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு டிரம்கள் போட்டிருந்தால் அது நல்ல அறிகுறி.

ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939இல்தான். 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டுகளின் ஹைட்ராலிக் டிரம்களை ஏ ஆக்சிலில் பொருத்துவது ஹாட் ராட் உலகில் நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட வண்டியில் பார்க்க வேண்டியது முதலில் மாஸ்டர் சிலிண்டர். பழைய வகையில் ஒரே அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் கட்டியவர் சிந்தித்திருக்கிறார். ஸ்பீட்ஸ்டரில் அது பெரும்பாலும் காலடிப் பலகைக்குக் கீழே, சக்கர சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருக்கும். எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கச் சிறிய வால்வுகள் தேவை. டிரம் பிரேக்குக்கு 10 பி.எஸ்.ஐ. அழுத்தம், டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ. இவை இல்லாவிட்டால் முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும், இரண்டாவது மிதியில் திரும்பி வரும். சோதனை ஓட்டத்தில் இதைக் கவனியுங்கள்.

குழாய்கள் எஃகாகவோ செம்பு-நிக்கல் கலவையாகவோ இருக்க வேண்டும். வெறும் செம்புக் குழாயும், தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் இணைப்புகளும் தென்பட்டால், நான் வாங்கும் எண்ணத்தையே கைவிடுவேன். பிரேக்கில் அலட்சியம் காட்டியவரை வேறு எங்கே நம்புவது?

படி 5: ஸ்டியரிங், சக்கரம், டயர்

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங் இணைப்புகளின் தேய்மானம் தெரியும். சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். கை நகர்ந்தும் சக்கரம் நகராத இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஓரிரண்டு அங்குலம் பழைய ஃபோர்டில் பொறுத்துக்கொள்ளலாம்.

மாடல் டி வண்டியில் ஹிக்கரி மரக் கம்பிகள் கொண்ட சக்கரங்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். கிறீச்சென்ற ஒலியோ அசைவோ வந்தால் அந்தச் சக்கரத்தில் ஓடாதீர்கள். ஏ வண்டியின் கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் திருப்புளியால் தட்டுங்கள். எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும்; மங்கலாக ஒலிக்கும் கம்பி வேரில் விட்டிருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள், தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இப்படிப்பட்ட வண்டிகள் ஆண்டுக்குச் சில நூறு மைல்தான் ஓடுவதால், டயரின் பூ தேயாமலே ரப்பர் கல்லாகிவிடும்.

படி 6: எஞ்சின்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: ‘நான் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம்.’ போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை, ஆனால் குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

மாடல் ஏ எஞ்சினின் உயிர் அதன் பேரிங்குகளில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டை மூன்றே மூன்று முக்கியப் பேரிங்குகள் தாங்குகின்றன. அவையும் இன்றைய எஞ்சின் போல மாற்றிப்போடும் ஷெல்கள் கிடையாது. பாபிட் என்ற மென்மையான வெண்ணிற உலோகத்தை உருக்கி வார்த்து, அளவுக்குக் கடைந்தவை. எண்ணெய் அழுத்தத்தோடு வருவதும் இல்லை. பம்ப் மேலே ஏற்றிய எண்ணெய் வடிந்து மெயின் பேரிங்குகளுக்கு வருகிறது. இணைப்புத் தண்டுகளுக்குத் தெறிப்புதான். 40 குதிரைக்கும் 2,200 சுழற்சிக்கும் இது போதும். இதே எஞ்சினில் உயர் அழுத்த ஹெட், இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர், கூர்மையான காம்ஷாஃப்ட் எல்லாம் ஏற்றி நெடுஞ்சாலையில் விரட்டினால் பாபிட் நொறுங்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை குதிரைத்திறன்?’ என்பதன்று. ‘அடிப்பகுதியில் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். எதிர் எடை சேர்த்த கிராங்க், ஷெல் பேரிங்காக மாற்றிய பிளாக், அழுத்த எண்ணெய் அமைப்பு என்று பதில் வந்தால் வேலை தெரிந்தவர். ஹெட், கார்புரேட்டர் பற்றி மட்டும் உற்சாகமாகப் பேசுபவர் மேல்மாடியை மட்டும் கட்டியிருக்கிறார். 1932ஆம் ஆண்டு மாடல் பி எஞ்சின் 50 குதிரைத்திறன் கொண்டது; மெயின் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் தருவது. அதனால்தான் வேகப் பிரியர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

எஞ்சின் ஓடும்போது, வேகத்தைச் சற்றுக் கூட்டி, திடீரென்று விட்டுப் பாருங்கள். சுழற்சி இறங்கும் அந்த நொடியில் ‘டக் டக்’ என்ற மெல்லிய தட்டல் கேட்டால் தண்டுப் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆழமான, கனத்த இடி ஒலியானால் அது மெயின் பேரிங். பாபிட் வார்த்து எஞ்சினைப் புதுப்பிக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். அந்தக் கலை தெரிந்த பட்டறைகளும் குறைந்துவருகின்றன. நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் நெருங்கி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல், குளிர்காலத்தில் நீர் உறைந்து வெடித்த பிளாக் ஆகியவை இந்த வயது எஞ்சினுக்கு வரும் நோய்கள். எண்ணெய் அளவுக் கம்பியில் பால் நிறம் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது.

ஏ வண்டியில் பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உயரத்தில் இருந்தது. பெட்ரோல் தானாக வடிந்து வந்தது. ஸ்பீட்ஸ்டரில் டேங்க் பின்னால் போய்விட்டதால் பம்ப் தேவை. மின்பம்ப் என்றால், மோதினால் தானே நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். டேங்க் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதைத் தாங்கும் பட்டைகள் சேசிஸில் பொருந்தியிருக்க வேண்டும், தகர உடலில் அல்ல. மின்கம்பிகளில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் ஃபியூஸும் கட்டாயம். ஏ வண்டிக்கு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் எர்த் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

முதலில் விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தம் வண்டியை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது அவர் பிரேக் பிடிக்கும் விதத்திலேயே தெரியும்.

மாடல் டி என்றால், ஓட்டத் தெரியும் என்ற நினைப்பை முழுவதுமாக மறந்துவிட்டு ஏறுங்கள். மூன்று மிதிகள். இடது மிதியை முழுவதும் அழுத்தினால் முதல் கியர், விட்டுவிட்டால் மேல் கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். நடு மிதி ரிவர்ஸ். வலது மிதிதான் பிரேக். ஆக்ஸிலரேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கக் குச்சி. இடப்பக்கக் குச்சி தீப்பொறி நேரத்துக்கு. பதற்றத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விடும். காலியான மைதானத்தில் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

மாடல் ஏ கியர்பாக்ஸில், கியர்களின் வேகத்தைத் தானாகச் சமன்செய்யும் சிங்க்ரோ இல்லை. கியர் மாற்றும்போது கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். பலர் அதற்குப் பதிலாகப் பிற்கால ஃபோர்டு கியர்பாக்ஸோ ஐந்து வேக டி-5 கியர்பாக்ஸோ பொருத்துகிறார்கள். நீண்ட தூரம் ஓட நினைப்பவருக்கு அது நல்லது.

வெற்றுச் சாலையில் மணிக்கு 30 மைலில் போகும்போது உறுதியாகப் பிரேக் பிடியுங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். பிறகு 35, 45 என்று மெதுவாக ஏற்றுங்கள். ஏதேனும் ஒரு வேகத்தில் முன் சக்கரங்கள் இடவலமாகத் துடிக்கத் தொடங்கினால், வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிடுங்கள். ஆக்சிலின் சாய்வுக் கோணமும் தேய்ந்த இணைப்புகளும் சரியாகும்வரை அந்த வண்டி சாலைக்கு உரியதில்லை. ஓட்டம் முடிந்ததும் நான்கு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சூடேறியிருந்தால் அது உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

படி 8: உடலும் பெயின்ட்டும்

இப்போது பாருங்கள். காந்தம் எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டியோ அலுமினியமோ இருக்கிறது. பானட்டைக் கட்டும் தோல்வார் புதிதா, இருக்கையின் தையல் எப்படி, மானி வேலை செய்கிறதா என்பதெல்லாம் பேரம் பேச உதவும். முடிவெடுக்க உதவாது.

படி 9: விலை, பணம், காப்பீடு

கட்டியவர் தாம் செலவழித்த ரசீதுகளின் கூட்டுத்தொகையைக் கேட்பார். சந்தை அதைத் தருவதில்லை. கையால் கட்டிய வண்டி பெரும்பாலும் கட்டிய செலவுக்கும் குறைவாகவே விலைபோகிறது. வாங்குபவருக்கு அதுதான் லாபம்; அதற்காகக் கட்டியவரை அவமதிக்கும் விலை கேட்காதீர்கள். நீங்கள் கண்ட குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைக் காட்டிப் பேசுங்கள். வாகனத்தின்மீது கடன் இல்லை என்பதை உறுதி செய்து, வங்கியிலேயே சந்தித்துப் பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றுங்கள். விற்பனைச் சீட்டில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் எழுதுங்கள்.

சாதாரணக் கார் காப்பீடு இதற்குப் பொருந்தாது. பழைய கார்களுக்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு ‘90 ஆண்டுப் பழைய ஃபோர்டு’ என்று மதிப்புப் போடுவார்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி விண்டேஜ் பதிவு பெற அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ஸ்பீட்ஸ்டர் பிறப்பதே மாற்றத்தில்தான் என்பதால் அந்தக் கதவு வழியாக அது நுழையாது. அமெரிக்காவிலேயே ஓட்டி மகிழ வேண்டிய வண்டி இது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம்

எவ்வளவு ஆசையிருந்தாலும் வாங்கிய ஊரிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள்; மூடிய டிரெய்லரில் ஏற்றுங்கள். வந்ததும் எல்லா எண்ணெய்களையும் மாற்றுங்கள். வடிந்த எஞ்சின் எண்ணெயில் வெள்ளி நிறத் தூள் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள், அது பாபிட். டயர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால் புதிதாகப் போடுங்கள். தீயணைப்பானை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் சேசிஸோடு பொருத்துங்கள். முன்கண்ணாடி ஒரு வட்டம்தான் என்பதால் கண்களைக் காக்கும் கண்ணாடி அணியாமல் தெருமுனைக்குக்கூடப் போக வேண்டாம். முதல் நூறு மைலுக்குள் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். பிறகு மீண்டும் அடியில் படுத்து, ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். சிலிண்டர் ஹெட் நட்களை எஞ்சின் ஆறிய பிறகு 55 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். உயர் அழுத்த ஹெட் என்றால் அதைத் தயாரித்தவர் சொல்லும் அளவுக்கு.